யானைக் காசும் கள்ளக் காசும்

கபினி ஆற்றங்கரையில் மைசூருக்குத் தெற்கே அமைந்த நஞ்சன்கூடு, ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற ஊராயினும், நாணயம் சேகரிப்போர் வேறொரு காரணத்தாலும் அதைக் கவனிக்கலாம். திப்பு சுல்தான் தம் காசுகளில் நஸர்பார் என்று பொறித்த மைசூருக்கும், சலாமாபாத் என்று பொறித்த சத்தியமங்கலத்துக்கும் இடையிலான வழியில் அவ்வூர் இருக்கிறது. ஊர்ப் பெயர்களையே மாற்றிய ஓர் அரசரின் நாணயம் எங்கே அடிக்கப்பட்டது என்பதை அறிய, பாரசீக எழுத்தைக் கூட்டிப் படித்தால் மட்டும் போதாது. எந்தப் புதுப்பெயர் எந்த ஊருக்கு உரியது என்ற அட்டவணையும் கையில் வேண்டும். ஜே. ஆர். ஹெண்டர்சன் எழுதி 1921-இல் சென்னையில் வெளிவந்த, ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் நாணயங்கள் பற்றிய நூல், இன்றும் அதற்குத் துணை நிற்கிறது.

ஆண்டைப் படிப்பதில் சிக்கல் இன்னும் கூடுதல். தொடக்கத்தில் ஹிஜ்ரி ஆண்டைப் பயன்படுத்திய திப்பு, 1787-இல் மௌலூதி என்னும் புதிய ஆண்டுக் கணக்குக்கு மாறியதோடு, எண்களை வலமிருந்து இடமாகவும் பொறிக்கச் செய்தார். ஆகவே 1215 என்ற ஆண்டு, இடமிருந்து படிப்பவர் கண்ணுக்கு 5121 என்று தெரியும். விவரம் அறியாதவர் அதை அச்சுப்பிழை என்று எண்ணி, இல்லாத அருமையை அக்காசுக்கு ஏற்றிவிடக்கூடும். திப்புவின் தந்தை ஹைதர் அலியின் பொன் வராகனோ வேறு வகையில் ஏமாற்றும். அதன் முகப்பில் சிவனும் பார்வதியும் அமர்ந்திருப்பதால், அது விஜயநகரக் காசோ இக்கேரி நாயக்கர் காசோ என்ற மயக்கம் எழும். பின்புறம் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் ‘ஹே’ என்ற ஒற்றைப் பாரசீக எழுத்தே, அதாவது ஹைதரின் பெயர் முதலெழுத்தே, அதை அவருடையதென்று காட்டிக் கொடுக்கிறது.

பிழைக்காசு எது என்பதை முடிவு செய்ய, காசு எவ்வாறு அடிக்கப்பட்டது என்பது முதலில் தெரிய வேண்டும். திப்புவின் காலத்தில் உலோக வில்லையைக் கீழச்சின் மேல் வைத்து, மேலச்சைப் பிடித்துச் சம்மட்டியால் அடித்தார்கள் என்பதால், அவருடைய செப்புக் காசில் பொறித்த யானையின் தும்பிக்கை விளிம்புக்கு வெளியே போவதும், ஓரம் பிளந்திருப்பதும், இரண்டு காசுகள் ஒன்றுபோல் அமையாமையும் அம்முறையின் இயல்பேயன்றிப் பிழையல்ல. எந்திரத்தில் அடிக்கப்படும் இக்காலக் காசில் அதே விலகல் நேர்ந்தால்தான் அது பிழைக்காசு ஆகிறது. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்து வரும் வில்லையில் அதன் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதிவது ஒரு வகை. பொருந்தாத இரு அச்சுகள் இணைவது மற்றொரு வகை. 2008-இல் பிரிட்டனின் 20 பென்ஸ் நாணயத்தில் ஆண்டு எண்ணைப் பூப்பக்கத்திலிருந்து தலைப்பக்கத்துக்கு மாற்றியபோது, புதிய பூவச்சோடு பழைய தலையச்சு இணைந்துவிட, ஆண்டே இல்லாத காசுகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

கள்ளக் காசு பெரும்பாலும் வார்ப்பில் பிறக்கிறது. உண்மைக் காசைக் கொண்டு அச்சு எடுத்து உலோகத்தை ஊற்றும்போது காற்றுக்குமிழ்கள் நுண்குழிகளாகத் தங்கிவிடும். எழுத்தின் முனை மழுங்கும். விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு தெரியும். திப்புவின் செப்புப் பைசா ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ளது என்பதால் தராசும் உதவும். காந்தத்தில் ஒட்டும் ‘வெள்ளி’ ரூபாய் ஐயமின்றிப் போலியே. ஆனால் ஒட்டாதது நற்காசு என்று கொள்வதற்கில்லை, ஏனெனில் ஈயமும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டுவதில்லை.

இராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் பொறித்த செப்புக் காசுகள், எந்த நாணயச்சாலையும் வெளியிடாத கற்பனைகள். கடவுள் உருவம் இருப்பதாலேயே அவை பொய்யென்று சொல்லவும் முடியாது, ஏனெனில் அதே கம்பெனி சென்னையில் மூன்று சுவாமி வராகன் என்னும் பொற்காசை வெளியிட்டிருக்கிறது. அரிசியை இழுக்கும் சக்தி உண்டென்று சொல்லி இத்தகைய செப்புக் காசுகளை விற்கும் மோசடியோ நாணயவியலைச் சேர்ந்ததே அல்ல, காவல் நிலையத்தைச் சேர்ந்தது.

நற்காசைக் கள்ளக் காசென்று ஒதுக்குவதும் நடக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தைக் கடைகளிலும் பேருந்துகளிலும் வாங்க மறுத்தபோது, அதன் 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க வேண்டியதாயிற்று. பழைய காசுக்குப் பெருந்தொகை தருவதாகத் தன் பெயரைச் சொல்லி வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாமென்று 2021 ஆகஸ்டில் எச்சரித்ததும் அவ்வங்கிதான். மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் காசுக்கு விதி வேறு: 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும்.