தூரம் ஒன்று, நேரம் இரண்டு

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்கும் என்று கணக்குப் பாடத்தில் கற்றிருக்கிறீர்கள். அவ்விதி என்றும் பொய்ப்பதில்லை. ஆயினும், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்திற்கும் இடையே ஓடும் விமானங்களின் கால அட்டவணையைக் காண்போர் சற்றுத் திகைப்பர். இரு நகரக் கடிகாரங்களுக்கும் உள்ள வேறுபாட்டை நீக்கிய பின்னரும், நியூயார்க்கிலிருந்து லண்டன் செல்ல ஏறத்தாழ 7 மணி நேரமும், லண்டனிலிருந்து நியூயார்க் செல்ல ஏறத்தாழ 8 மணி நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

முதலில் தூரத்தை நோக்குவோம். பூமி உருண்டையாதலால், தட்டையான படத்தில் கோல் வைத்து இழுக்கும் கோடு மிகக் குறுகிய வழி ஆகாது. உலக உருண்டையின்மீது இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். தட்டைப் படத்துக் கோட்டைக் காட்டிலும் அந்நூல் வடக்கே சாய்ந்து செல்லும். இதனைப் பெருவட்ட வழி என்பர். இதன் நீளம் ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். போவதற்கும் வருவதற்கும் இத்தூரம் ஒன்றே.

வேறுபடுவது காற்று. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்னும் பெருங்காற்று ஆறுபோல் ஓடுகிறது. வெப்ப நாடுகளுக்கும் துருவப் பகுதிக்கும் உள்ள வெப்ப வேறுபாடும், பூமியின் சுழற்சியும் இதற்குக் காரணங்கள். குளிர்காலத்தில் இதன் வலிமை மிகும். 2020 பிப்ரவரியில் இக்காற்றின் துணையால் ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது.

போகும்போது பெற்ற லாபம் வரும்போது ஏற்படும் நஷ்டத்திற்குச் சரியாகிவிடாதா? கணக்கிட்டுப் பார்ப்போம். தூரம் 5,600 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு 900, காற்றின் வேகம் 100 எனக் கொள்க. துணைக்காற்றில் 5 மணி 36 நிமிடம். எதிர்க்காற்றில் 7 மணி. ஆக 12 மணி 36 நிமிடம். காற்றே இல்லாவிடில் போய்வர 12 மணி 27 நிமிடம் போதும். எதிர்க்காற்றில் விமானம் நெடுநேரம் பறக்க நேர்வதால், நஷ்டமே விஞ்சுகிறது.

அக்காலத்தில் இந்நஷ்டம் உயிர்களையே பணயமாகக் கேட்டது. நேரம் நீண்டால் எரிபொருள் தீரும். கீழே இருப்பதோ கடல். தாழப் பறந்த பழைய விமானங்களையும் மேற்கிலிருந்து வீசும் காற்றே எதிர்த்தது. 1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்னும் இருவர் நியூபவுண்ட்லாந்திலிருந்து கிழக்கு நோக்கி இடைநில்லாது பறந்து, ஏறத்தாழ 16 மணி நேரத்தில் அயர்லாந்தை அடைந்தனர். 1927 மே மாதம் பாரிஸிலிருந்து நியூயார்க் நோக்கிப் புறப்பட்ட நுங்கெஸரும் கோலியும் மீளவே இல்லை. 1928 ஏப்ரலில்தான் பிரெமன் என்னும் விமானம் அயர்லாந்திலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரம் பறந்து கனடாவின் ஒரு தீவில் இறங்கியது. இன்றும் காற்றை அறிந்த பின்னரே, வழியையும் எரிபொருளையும் வகுக்கின்றனர்.

மேற்கண்ட கணக்கில் காற்றின் வேகத்தை 200 ஆக மாற்றி நீங்களே செய்து பாருங்கள். காற்று இரு மடங்காகும்போது நஷ்டம் நான்கு மடங்கிற்கும் மேலாவதைக் காண்பீர்கள்.