மண்ணில் விளையும் சவர்க்காரம்



மழை ஓய்ந்த மாலையிலே, ஓப்பநாயக்கத் தேயிலை மலையில் ஒரு பிடி மண்ணை அள்ளினால், நம் கண்ணுக்குத் தெரிவது மண் மட்டுமே. ஆயினும் அதனுள்ளே எண்ணிறந்த நுண்ணுயிர்கள் இடத்துக்கும் இரைக்கும் ஓயாது போரிடுகின்றன. அப்போரிலே சில பற்றீரியாக்கள் ஏந்தும் ஆயுதம் ஒருவகைச் சவர்க்காரம் என்றால் வியப்பாக இல்லையா?

சிகைக்காய் எண்ணெயை எவ்வாறு கழுவுகிறது? அதன் நுரைப்பொருளின் ஒரு பகுதி நீரை நாடும். மறுபகுதி எண்ணெயை நாடும். இரண்டையும் பற்றி நின்று அழுக்கைப் பெயர்த்துவிடும். பற்றீரியா ஆக்கும் பொருளும் அத்தகையதே. அமினோ அமிலங்களின் வளையத்தோடு கொழுப்பு வால் ஒன்று சேர்ந்திருப்பதால், இதனை லிப்போபெப்டைட்டு என்பர். 1968இல் யப்பானிய அறிஞர் அறிவித்த சர்பாக்டின், நீரின் மேற்பரப்பிழுவிசையை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றனிலிருந்து ஏறத்தாழ 27 ஆகக் குறைக்க வல்லது. அதனை ஆக்குவது பசிலஸ் சப்டிலிஸ் என்னும் எளிய மண் பற்றீரியாவே.

பற்றீரியாவின் உடலைக் கொழுப்பாலான மென்சவ்வு போர்த்தியிருக்கிறது. கொழுப்பு வால் அச்சவ்வினுள் புகுந்து அதைக் குலைக்கிறது. உள்ளிருப்பவை கசிய, உயிர் பிரிகிறது.

இக்குடும்பத்து மருந்துகளுள் கொலிஸ்ரின் ஒன்று. சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்தமையால் 1970களில் அது ஒதுக்கப்பட்டது. ஏனைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியபோது, கடைசி ஆயுதமாக மீண்டும் எடுக்கப்பட்டது. ஆனால் அதே மருந்தைப் பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் தீனியோடு கலந்து கொடுத்தனர். விளைவு யாது? அம்மருந்தை வெல்லும் மரபணு, பற்றீரியாவிலிருந்து பற்றீரியாவுக்குத் தாவுவதைச் சீனாவில் கண்டு, 2015இல் அறிவித்தனர். 2019இல் இந்தியா, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்ரினைத் தடைசெய்தது.

இது தொலைவிலுள்ள பண்ணைகளின் கதை மட்டுமன்று. என் மாணவி ஒருத்தி, தன் காய்ச்சல் தணிந்ததும் எஞ்சிய மாத்திரைகளைத் தாயார் தம்பிக்காகப் பத்திரப்படுத்தியிருப்பதாகப் பெருமையோடு கூறினாள். வறுமை கற்பித்த சிக்கனம் அது; அத்தாயை எவ்வாறு குறைகூறுவேன்? எனினும், எந்த நுண்ணுயிர்க்கொல்லியானாலும் முறைதவறிப் பயன்படுத்தினால், கிருமி பிழைப்பதற்கு வழி கற்றுக்கொள்கிறது. வைத்தியர் குறித்த அளவில், குறித்த நாள்வரை, குறித்தவரே உண்ணல் வேண்டும்.

மண் தந்த ஆயுதம் மழுங்காதிருப்பது நம் கையில் இருக்கிறது.