வரி சீசன் வருகிறது: உங்கள் கம்ப்யூட்டர் தயாரா?

திருப்பூர் பனியன் தொழிலில் நூல் ஓரிடத்தில் வாங்கப்படுகிறது. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பேக்டிங் இன்னோரிடம். பிறகு பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல் என்று ஊரைச் சுற்றி வந்த பின்தான் துணி பனியனாகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு டெலிவரி சலான், ஒரு ஜாப் ஒர்க் பில் உண்டு. இந்தச் சிறிய யூனிட்கள் பலவற்றில் முழு நேர அக்கவுண்டன்ட் கிடையாது. ஒருவரே பல யூனிட்களின் கணக்கைப் பார்ட் டைமாக எழுதித் தருகிறார். அவருடைய அலுவலகம் பெரும்பாலும் வீட்டின் முன் அறைதான். ஒரு கம்ப்யூட்டர், டேலி சாப்ட்வேர், ஒரு பிரிண்டர், மொபைலில் வாட்ஸ்அப், இவ்வளவுதான் அவருடைய கருவிகள்.

நீங்களும் இப்படி ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வரிக் கணக்கு வேலையைத் தொடங்கியிருக்கிறீர்களா? அல்லது உங்கள் சொந்த யூனிட்டின் கணக்கை நீங்களே பார்க்கிறீர்களா? சீசன் தொடங்கும் முன் கம்ப்யூட்டரையும் வாடிக்கையாளர்களையும் எப்படித் தயார் செய்வது என்று இங்கு பார்க்கலாம்.

தாமதமானால் என்ன நஷ்டம்?

கெடு தேதிக்குப் பின் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் வருமான வரிச் சட்டம் 1961ன் 234எப் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் உண்டு. மொத்த வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இது 1,000 ரூபாய். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உள்ளது. அந்த ஆண்டில் தொழிலில் நஷ்டம் ஏற்பட்டிருந்தால், கெடு தேதிக்குள் தாக்கல் செய்தவர் மட்டுமே அந்த நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளின் லாபத்தில் கழித்துக் கொள்ள முடியும். ஆர்டர் குறைந்து அடி வாங்கிய ஒரு யூனிட்டுக்கு இது பல ஆயிரம் ரூபாய் விஷயம். உங்கள் ஹார்ட் டிஸ்க் பழுதானதற்கு அவர் பணம் இழக்க வேண்டுமா?

தேதியைத் தள்ளி வைப்பார்கள் என்று காத்திருக்கலாமா?

தள்ளி வைத்தது உண்டு. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. முதல் 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 20. அதற்கு முந்தைய நாள் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைய, போர்ட்டல் தடுமாறியது. தேதி ஆகஸ்ட் 25க்கு மாற்றப்பட்டது. 2021 ஜூன் 7ல் வருமான வரித் துறையின் புதிய இ-பைலிங் போர்ட்டல் வந்தபோது குறைகள் அதிகம் இருந்தன. ஜூலை 31 என்றிருந்த கெடு, படிப்படியாக டிசம்பர் 31 வரை சென்றது. 2025ல் ஜூலை 31 கெடு செப்டம்பர் 15 ஆனது. கடைசி நேரத்தில் மேலும் ஒரே ஒரு நாள், செப்டம்பர் 16 வரை, தரப்பட்டது.

இவற்றில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. கடைசி நாளில் போர்ட்டல் வேகமாக இருக்காது. நீட்டிப்பு வந்தாலும் அது எத்தனை நாள் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. எனவே நம் கையில் இருப்பதை முன்பே முடித்து வைப்பதுதான் பாதுகாப்பு.

பூட்டு நாள்

சாப்ட்வேர் நிறுவனங்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிய சாப்ட்வேரை வாடிக்கையாளருக்குத் தரும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பு 'கோட் ப்ரீஸ்' என்று ஒரு தேதி குறிப்பார்கள். அதன் பின் புதிதாக எதையும் சேர்க்க மாட்டார்கள். பிழைகளை மட்டும் திருத்துவார்கள். ஷிப்மென்ட் அன்று யாரும் தையல் மிஷினைக் கழற்றி சர்வீஸ் செய்வதில்லையே, அதுபோலத்தான்.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு பூட்டு நாள் குறித்துக் கொள்ளுங்கள். கெடு தேதிக்கு 20 நாட்கள் முன்பு என்று வைத்துக் கொள்ளலாம். கீழே உள்ள வேலைகளை அந்த நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

1. விண்டோஸ் அப்டேட்: விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதையே பயன்படுத்துகிறீர்கள் என்றால், உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று முதலில் பாருங்கள். மாற்றுவதானால் சீசனுக்கு முன்பே மாற்றுங்கள்.

அப்டேட் தொந்தரவு என்று எண்ண வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, மார்ச் 14 அன்று, தந்திருந்தது. அதை நிறுவாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக் கொண்டார்கள்.

எல்லா அப்டேட்களையும் நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, டேலியும் பிரிண்டரும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பாருங்கள். பின் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குச் சென்று, ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற இடத்தில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் கொடுத்துவிடுங்கள். பாதி வேலையில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

2. டேலி பேக் அப்: டேலி பிரைமில் ஆல்ட் கீயுடன் ஒய் கீயை அழுத்தினால் டேட்டா மெனு கிடைக்கும். அதில் பேக் அப் தேர்ந்தெடுங்கள். டேலியின் புதிய பதிப்புக்கு மாறுவதற்கு முன் கட்டாயம் ஒரு பேக் அப் எடுத்திட வேண்டும். புதிய பதிப்புக்கு மாற்றிய டேட்டாவைப் பழைய பதிப்பில் திறக்க முடியாமல் போகலாம்.

மொத்தம் மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே (கிளவுட் சேமிப்பிலோ, நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ). பேக் அப் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

பேக் அப் எடுத்தால் மட்டும் போதாது. அதை ஒரு முறையாவது ரீஸ்டோர் செய்து பார்க்க வேண்டும். இதற்குத் தனியாக ஒரு புதிய போல்டரை உருவாக்கி, அதில் ரீஸ்டோர் செய்திடுங்கள். நடப்பு டேட்டா உள்ள போல்டரையே கொடுத்துவிட்டால், இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு எழுதப்பட்டுவிடும். கவனம்.

3. டிஜிட்டல் கையெழுத்து: கம்பெனியாகப் பதிவு செய்த வாடிக்கையாளர்களின் ரிட்டர்னுக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். யு.எஸ்.பி. டோக்கனைச் செருகி, அதன் டிரைவர் இயங்குகிறதா, போர்ட்டலுக்குத் தேவையான சாப்ட்வேர் உள்ளதா, கையெழுத்து எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று பாருங்கள். காலாவதியானது கடைசி வாரத்தில் தெரிந்தால் மிகவும் சிரமம்.

4. மின்சாரமும் இணையமும்: மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைக் குறித்து வையுங்கள். யு.பி.எஸ். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதை ஒரு நாள், எல்லா பைல்களையும் சேவ் செய்த பின், சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட் மூலம் இணையத்தை இணைத்தும் ஒரு முறை பழகிக் கொள்ளுங்கள்.

ஒரே ஷீட்டில் எல்லா வாடிக்கையாளரும்

எக்ஸெலில் ஒரு ஷீட் திறந்து, பெயர், ஜி.எஸ்.டி. எண், பான், மொபைல் எண், வாங்க வேண்டியவை, வந்தவை, தாக்கல் செய்த நாள், இ-வெரிபை செய்த நாள் என்று நெடுவரிசைகள் அமைத்திடுங்கள். கடைசி நெடுவரிசை முக்கியம். 2022 ஆகஸ்ட் 1 முதல், தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் இ-வெரிபை செய்ய வேண்டும் என்பது விதி. முன்பு இது 120 நாட்களாக இருந்தது. தாக்கல் செய்துவிட்டு இதை மறந்துவிடுபவர்கள் உண்டு.

ஒரு சின்ன உதவி. ஜி.எஸ்.டி. எண்ணில் 15 எழுத்துகள் உள்ளன. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 எழுத்துகளும் அந்த யூனிட்டின் பான் எண்தான். எனவே பான் எண்ணைத் தனியாக டைப் செய்து தவறு செய்ய வேண்டாம். எக்ஸெலின் மிட் பங்ஷனில் ஜி.எஸ்.டி. எண் உள்ள செல், 3, 10 என்று கொடுத்தால் அதுவே பிரித்துத் தந்துவிடும்.

கெடு தேதியை ஒரே ஒரு செல்லில் எழுதி, மீதி நாட்களை அதிலிருந்து கணக்கிடச் செய்யுங்கள். 2026 பிப்ரவரி பட்ஜெட்டில், தணிக்கை தேவைப்படாத தொழில் கணக்குகளுக்கு ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தர முன்மொழியப்பட்டது. இப்படித் தேதிகள் மாறுவதால், ஒவ்வோர் ஆண்டும் போர்ட்டலில் பார்த்து அந்த ஒரு செல்லைத் திருத்தினால் போதும்.

போல்டர்களுக்குப் பெயர் வைக்கும்போது நிதியாண்டை மட்டும் பயன்படுத்துங்கள். 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்கமாகக் கொண்ட வருமான வரிச் சட்டம் 2025, மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லை விட்டு, வரி ஆண்டு என்ற சொல்லைக் கொண்டு வந்துள்ளது. 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். இரண்டு பெயர்களும் கலந்தால் நீங்களே குழம்பிவிடுவீர்கள்.

வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு தெளிவான செய்தி

சீசனில் நேரத்தை அதிகம் தின்பது வராத பேப்பர்கள்தான். "கணக்கு அனுப்புங்க" என்று மட்டும் கேட்டால், ஒருவர் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார். என்ன வேண்டும், எந்த வடிவில் வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். யூனிகோட் தமிழில் டைப் செய்தால் எல்லா மொபைல்களிலும் சரியாகத் தெரியும். மாதிரிக்கு ஒன்று:

"வணக்கம்ங்க. 2025-26 வருமான வரிக் கணக்குக்கு இந்த நான்கும் வேணும்ங்க. 1. எல்லா வங்கிக் கணக்குக்கும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஸ்டேட்மென்ட், பி.டி.எப். பைலாக. 2. மிஷின் லோன், மற்ற லோன்களுக்கு வட்டிச் சான்று. 3. மார்ச் 31 அன்று இருந்த நூல், துணி, பீஸ் ஸ்டாக் மதிப்பு. 4. மார்ச் 31 அன்று நிட்டிங், டையிங், மற்ற ஜாப் ஒர்க் யூனிட்களுக்குத் தர வேண்டிய பாக்கி, பில் தேதியோடு. ஜூன் 20க்குள் அனுப்பிட்டீங்கன்னா ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி வரி எவ்வளவுன்னு உங்களுக்குச் சொல்லிருவேன்ங்க."

நான்காவது எதற்கு? 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த 43பி(எச்) விதி, 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் அமலானது. பதிவு பெற்ற குறு, சிறு யூனிட்களுக்கு, ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாட்களிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களிலும் பணம் தர வேண்டும். அதைத் தாண்டி ஆண்டு முடிவில் பாக்கி நின்றால், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். ஜாப் ஒர்க்கை நம்பியே நடக்கும் இந்த ஊரில் இது வரித்தொகையையே மாற்றிவிடும்.

ஜூன் 20 எதற்கு? ஜனவரி முதல் மார்ச் வரையிலான டி.டி.எஸ். விவரங்களைத் தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம் உண்டு. அவை வந்து சேர்ந்த பின்தான் 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். இரண்டும் முழுமையாகும். ஜூன் நடுவில் இவற்றை டவுன்லோட் செய்து, வாடிக்கையாளர் தந்த விவரத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏ.ஐ.எஸ். பி.டி.எப். பைலுக்கான பாஸ்வேர்ட், சிறிய எழுத்துகளில் பான் எண்ணும் அதை ஒட்டிப் பிறந்த தேதி, மாதம், ஆண்டும் ஆகும். நிறுவனங்களுக்குத் தொடங்கிய தேதி.

வாட்ஸ்அப்பில் குரூப் வேண்டாம்

எல்லா வாடிக்கையாளர்களையும் ஒரே குரூப்பில் சேர்க்காதீர்கள். ஒருவர் அவசரத்தில் தன் பேங்க் ஸ்டேட்மென்ட்டை அதில் போட்டால், அவர் எந்த பையருக்கு என்ன விலைக்குச் சரக்கு தருகிறார் என்பதைப் பக்கத்துத் தெரு போட்டியாளரும் பார்த்துவிடுவார். பிராட்காஸ்ட் லிஸ்ட் பயன்படுத்துங்கள். ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செல்லும். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் மொபைலில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இதை முதலில் உறுதி செய்து கொள்ளுங்கள். பில்களைப் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துகள் மங்காது.

வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்ட்களை நோட்புக்கிலோ சாதாரண எக்ஸெல் பைலிலோ எழுதி வைக்க வேண்டாம். கீபாஸ் என்ற இலவச சாப்ட்வேரில் எல்லாவற்றையும் ஒரே பூட்டுக்குள் வைத்திடலாம். எக்ஸெல் ஷீட்டுக்கும் பைல் மெனுவில் இன்போ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று சென்று பூட்டுப் போடுங்கள். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் பைலைத் திறக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரீபண்ட் வந்துள்ளது, லிங்க்கை கிளிக் செய்யுங்கள் என்று போலிச் செய்திகள் வருவதும் இந்தச் சீசனில்தான். வருமான வரித் துறை மெயில் மூலம் பாஸ்வேர்ட், பின் எண் எதையும் கேட்பதில்லை என்று வாடிக்கையாளர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். இ-வெரிபைக்கு ஓ.டி.பி. தேவைப்படும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி வைத்துக் கொண்டால், வேறு யார் கேட்டாலும் அவர்கள் தர மாட்டார்கள்.

எந்த வரிசையில் செய்வது?

மே மாதத்தில் அப்டேட், பேக் அப், ரீஸ்டோர் சோதனை. ஜூன் முதல் வாரத்தில் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி. ஜூன் நடுவில் 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். டவுன்லோட். பேப்பர் முழுமையாக வந்தவர்களின் ரிட்டர்னை உடனே முடித்துவிடுங்கள். கெடு வரை வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் 11ல் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ல் 3பி, காலாண்டு முறையில் உள்ள தமிழ்நாட்டு யூனிட்களுக்கு 22 என்று வேலைகள் குறுக்கே வரும் என்பதால், அந்த நாட்களை வருமான வரிக்கு ஒதுக்காதீர்கள். பூட்டு நாளுக்குப் பின் புதிய சாப்ட்வேர் எதையும் நிறுவ வேண்டாம். தினமும் மாலையில் பேக் அப் மட்டும் தொடரட்டும்.

இவை எதற்கும் பெரிய செலவில்லை. ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். இந்த ஞாயிறே ரீஸ்டோர் சோதனையில் தொடங்குங்கள்.