முதியோர் பேணல்

குழந்தை தளர்நடையிட்டுத் தடுமாறும்போது தாய் ஓடிச்சென்று கைகொடுக்கின்றாள். முதியவர் எழுந்து தடுமாறும்போது மக்கள் ஓடிச்சென்று கைகொடுக்கின்றனர். இரண்டும் அன்பின் செயல்களே. ஆயினும், இவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. தாய் கைகொடுப்பது குழந்தையை நடக்கப் பழக்குவதற்காக. மக்கள் கைகொடுப்பதோ பெரும்பாலும் முதியவரை மீண்டும் அமரச்செய்வதற்காக. 'நீங்கள் ஏன் எழவேண்டும்? வேண்டியதைச் சொன்னால் நாங்கள் கொண்டுவந்து தருகிறோமே' என்பது நம் இல்லங்களில் நாள்தோறும் கேட்கும் சொல்லாகும். இச்சொல் இனியது, ஆனால் எப்போதும் நன்மை பயப்பதா? இதனை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துள்ளார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிசெய்வோர் என்பன அவை. இவற்றுள் நோயாளியை முதற்கண் வைத்து எண்ணியிருப்பது நினைக்கத்தக்கது. நோயாளி என்பவர் மருத்துவத்தை ஏற்றுக்கொண்டு வாளா கிடப்பவர் அல்லர். மருத்துவத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அப்பங்கினை அவரிடமிருந்து பறித்துவிட்டால், ஏனைய மூன்றும் நிறைந்திருந்தும் மருத்துவம் குறைபட்டதாகிவிடும். முதியோர் மருத்துவத்தின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்கின்றது.

படுக்கை மருந்தும் நஞ்சும்

கடுங்காய்ச்சலிலும், அறுவை மருத்துவம் முடிந்த வேளையிலும் படுக்கை மருந்தாகும். அளவு கடந்தால் அதுவே நஞ்சாகும். உடலுறுப்புக்கள் உழைப்பினால் உரம் பெறுவன, உழைப்பின்றேல் மெலிவன. 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நோயற்ற முதியோர் சிலரைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச்செய்து மருத்துவர் ஆராய்ந்தனர். அப்பத்து நாள்களில் அவர்தம் கால்களின் தசைப்பகுதி சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ எடை குறைந்தது. நோயற்றவர்க்கே இந்நிலை எனின், நோயுற்று, பசி குன்றிக் கிடப்போர்க்கு எய்தும் இழப்பினை நாமே உய்த்துணரலாம்.

இழப்பு தசையோடு நிற்பதில்லை. எலும்பு வலிமை குன்றும், மூட்டுக்கள் மடங்கி இறுகும், பசி மந்தப்படும், மலச்சிக்கல் உண்டாகும். காலின் இரத்தக் குழாய்களில் குருதி உறைந்து கட்டியாதலும், அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிர்க்கு இறுதி பயத்தலும் உண்டு. உடல் ஒரே பக்கமாக அழுந்திக் கிடப்பதால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றும். நெடுநாள் படுத்திருந்தவர் திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றும், அதனால் விழுவர். விழுந்ததைக் கண்ட சுற்றத்தார், 'இனி எழவே வேண்டா' என்பர். இவ்வாறு படுக்கையே படுக்கையை வளர்க்கின்றது.

ஏழையர் இல்லத்து முதியோர்

இவ்வுண்மையைத் தெளிவாகக் கண்டு, செயலிற் காட்டியவர் மார்ஜரி வாரன் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி ஆவர். அவர் 1897-ஆம் ஆண்டில் பிறந்தவர். இலண்டனுக்கு மேற்கே ஐசல்வர்த் என்னுமிடத்திலுள்ள மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர். அம்மருத்துவமனையின் அருகே வறியோர்க்கென ஏற்பட்ட பழைய இல்லம் ஒன்று இருந்தது. உழைக்க இயலாத ஏழையரும், நெடுநாள் நோயாளரும், உற்றார் அற்ற முதியோரும் அங்கே தங்கியிருந்தனர். 1935-ஆம் ஆண்டில் அவ்வில்லத்தின் நோயாளர் பகுதி மருத்துவமனையோடு இணைக்கப்பெற்றது. அங்கிருந்த 714 நோயாளரைப் பார்க்கும் பொறுப்பு வாரன் அம்மையாரிடம் வந்துசேர்ந்தது.

அவர் கண்ட காட்சி இரங்கத்தக்கது. இருண்ட நீண்ட கூடங்களில் படுக்கைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. இளையோரும் முதியோரும், அறிவு தெளிந்தவரும் மறதி நோயினரும் ஒரே கூடத்தில் கலந்து கிடந்தனர். 'தீராத நோயாளர்' என்ற ஒரு பெயரே எல்லார்க்கும் பொதுவாக இருந்தது. அவர்களுக்கு உணவு கிடைத்தது, உறையுள் கிடைத்தது, ஆனால் 'இவருக்கு உற்ற நோய் யாது? அதனைத் தீர்க்க இயலுமா?' என்று வினவுவார் இல்லை. எழுந்து நடத்தற்கு உரிய வலிமை உடையோரும் வழக்கத்தினாலேயே படுக்கையிற் கிடந்தனர். அவர்களை வருத்தியது முதுமை மட்டும் அன்று. 'இனி இவ்வளவே' என்று பிறர் கொண்ட முடிவும் ஆகும்.

வாரன் அம்மையார் செய்த மாற்றம்

அம்மையார் முதலிற் செய்த செயல் மிக எளியது; ஆயினும் அங்கே அதுவரை எவரும் செய்யாதது. ஒவ்வொருவரையும் தனித்தனியே நன்கு சோதித்தார். நோயின் பெயரைக் கண்டறிந்தார். பின்னர் அனைவரையும் ஐந்து பிரிவினராக வகுத்தார். எழுந்து நடமாடக்கூடியவர் ஒரு பிரிவினர். படுக்கையிலிருந்தும் மலசலங்களை அடக்கவல்லார் மற்றொரு பிரிவினர். அவற்றை அடக்க மாட்டாதவர் பிறிதொரு பிரிவினர். மனம் கலங்கி அமைதியாக இருப்போரும், பிறர்க்கு இடையூறு நேருமாறு அறிவு பிறழ்ந்தோரும் ஏனைய இரு பிரிவினர். நோயின் இயல்பு வேறுபடுங்கால் பணிவிடையும் வேறுபடல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

அடுத்து, இருப்பிடத்தைத் திருத்தினார். சுவர்கள் வெளிறிய நல்ல வண்ணம் பெற்றன, விளக்கொளி மிகுந்தது. படுக்கையருகே பொருள் வைத்துக்கொள்ளச் சிறு பேழைகள் வந்தன. சாய்வு நாற்காலிகள் இடம்பெற்றன. பற்றி நடப்பதற்குக் கைப்பிடிகள் பொருத்தப்பெற்றன. இவை அழகுக்காகச் செய்தன மட்டும் அல்ல. நாற்காலி இருந்தால்தான் படுக்கையை விட்டு இறங்க மனம் வரும். கைப்பிடி இருந்தால்தான் கால் எடுத்துவைக்கத் துணிவு பிறக்கும்.

மூன்றாவதாக, பலரும் கூடிச் செய்யும் பணியாக மருத்துவத்தை மாற்றினார். மருத்துவர், செவிலியர், உடலியக்கப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர், கைத்தொழில் வழியே உறுப்புக்களைப் பழக்குவோர், இல்லத்தின் நிலையறிந்து உதவும் சமூகப் பணியாளர் ஆகியோர் ஒருங்கு கூடி ஒவ்வொரு நோயாளிக்கும் வழி வகுத்தனர். அக்குழுவில் நோயாளியும் ஒருவர் என்பதை நாம் மறத்தலாகாது. அவர் முயலாவிடின் ஏனையோர் முயற்சி வீணாகிவிடும்.

பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் செயலற்ற முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முன்பு அவர் இறுதிவரை படுக்கைக்கு உரியவர் என்றே கருதப்பெற்றார். புதிய முறையில், முதலில் அவர் படுக்கையிலேயே புரளப் பழகுவார். பின்பு விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு அமர்வார். பிறகு நாற்காலிக்கு மாறுவார். கைப்பிடியைப் பற்றி நிற்பார். அதன்பின் ஊன்றுகோலோடு அடியெடுத்து வைப்பார். இடையிடையே தம் கையாலேயே உண்ணவும் உடுக்கவும் பழகுவார். ஒவ்வொரு படியும் சிறிது. ஏறிமுடித்தபோது அடைந்த உயரமோ பெரிது.

இதன் பயன் வியப்பிற்குரியதாயிற்று. தீராதவர் எனப்பட்ட பலர் நடந்தனர். சிலர் தம் இல்லங்களுக்கே திரும்பினர். நெடுநாள் நோயாளர்க்கென 714 படுக்கைகள் வேண்டியிருந்த இடத்தில், நாளடைவில் 240 படுக்கைகளே போதுமாயின. தம் கொள்கையை அம்மையார் 1943-ஆம் ஆண்டிலும் 1946-ஆம் ஆண்டிலும் மருத்துவ இதழ்களில் கட்டுரைகளாக வெளியிட்டார். முதியோர்க்குத் தனி மருத்துவத்துறை வேண்டும் என்றும், அதனை மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1960-ஆம் ஆண்டில் அவர் சாலை விபத்தொன்றினால் உயிர்நீத்தார். அவர் தொடங்கிய துறையோ பல நாடுகளிலும் பரவிற்று.

சென்னையில் முதியோர் மருத்துவம்

அத்துறை நம் நாட்டிலும் வேரூன்றியது. இங்கிலாந்தில் முதியோர் மருத்துவம் பயின்று திரும்பிய டாக்டர் வ. செ. நடராசன் அவர்களின் முயற்சியால், 1978-ஆம் ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவு தோன்றியது. 1988-ஆம் ஆண்டில் பத்துப் படுக்கைகளோடு உள்நோயாளர் பிரிவும் அமைந்தது. 1996-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு மேற்பட்டப் படிப்புத் தொடங்கிற்று. 2024-ஆம் ஆண்டில் சென்னைக் கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பெற்றது.

எனினும், முதியோர் எல்லாரும் மருத்துவமனையில் வாழ்பவர் அல்லர். அவர்தம் நாள்கள் பெரிதும் இல்லத்திலேயே கழிகின்றன. ஆதலின் இல்லத்தாரின் அறியாமை, மருத்துவமனையின் குறையினும் மிகுதியான தீங்கு செய்யக்கூடும். இதற்கு எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றையே கூறுவேன்.

என் அன்னையார் எண்பத்திரண்டாம் வயதில் காய்ச்சலுற்று மூன்று வாரம் படுத்திருந்தார். காய்ச்சல் நீங்கிற்று. ஆயினும் நாங்கள் அவரை எழவிடவில்லை. உணவும் நீரும் படுக்கைக்கே சென்றன. 'கொல்லைவரை போய்த் துளசிக்கு நீர் வார்த்துவிட்டு வருகிறேனே' என்று அவர் நாள்தோறும் கேட்பார். 'விழ நேர்ந்தால் என் செய்வது, அம்மா? நாங்கள் வார்க்கிறோம்' என்று தடுப்போம். சில வாரங்களுக்குப் பின் அவர் கேட்பதை நிறுத்தினார். எங்கள் சொல்லுக்கு இசைந்தார் என்று மகிழ்ந்தோம். ஒரு நல்ல நாளில் அவரை எழுப்பி நிறுத்த முயன்றபோதுதான், கால்கள் உடலைத் தாங்கா என்பதை அறிந்தோம். துளசி நாள்தோறும் நீர் பெற்றது. அதற்கு நீர் வார்க்கும் மகிழ்ச்சியை மட்டும் அவர் இறுதிவரை பெறவில்லை. நாங்கள் அன்பில் குறைந்தோமல்லோம், அறிவில் குறைந்தோம்.

இல்லத்தில் செய்யத்தக்கன

மாணவர்களே, உங்கள் இல்லத்தில் பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பின், நீங்கள் செய்யத்தக்கன சில உண்டு. அமரும்போது பாதம் தரையில் நன்கு படியும் உயரத்தில் அவர்தம் கட்டில் இருக்கட்டும். படுக்கையிலிருந்து கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவிலும் விளக்கு எரியட்டும். அவ்வழியில் ஈரமும் சுருண்ட விரிப்பும் இல்லாதிருக்கட்டும். மூக்குக்கண்ணாடியும் ஊன்றுகோலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அவர் எழும்போது, சிறிது அமர்ந்திருந்து பின் நிற்கும்படி நினைவூட்டுங்கள். நடக்கும்போது இழுத்துச் செல்லாமல், அவர் அடியெடுத்து வைக்கும் விரைவிற்கு ஏற்ப உடன் செல்லுங்கள். சட்டைப் பித்தானை மாட்ட அவர் நெடுநேரம் கொள்ளினும் பொறுத்திருங்கள். கீரை ஆய்தல், பூத்தொடுத்தல், கணக்குப் பார்த்தல் முதலியவற்றுள் அவரால் இயன்றதை அவரிடமே விடுங்கள். அவரைப் பற்றிய செய்தியை அவர் முன்னிலையில் பிறரோடு பேசாமல், அவரையே கேளுங்கள்.

எலும்பு முறிந்தவரையும், கடுநோயுற்றவரையும் மருத்துவர் கூற்றின்றி எழுப்புதல் கூடாது. இனி எழவே இயலாத நிலையினரும் உளர். அவர்க்கும் செய்வன உள. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், உடலைத் தூய்மையாக வைத்தல், அருகமர்ந்து உரையாடல், உணவிலும் உடையிலும் அவர் விருப்பத்தைக் கேட்டல் ஆகியன தவறலாகா. கால் ஓய்ந்தாலும், 'எனக்கு இது வேண்டும்' என்று சொல்லும் உரிமை ஓய்வதில்லை.

முதியோர்க்கு எல்லாவற்றையும் நாமே செய்து முடிப்பது எளிது, விரைவில் முடிவது. அவர் தாமே செய்யுமாறு அருகில் நிற்பது அரிது, பொறுமையை வேண்டுவது. அரிய அதுவே சிறந்த பணிவிடை. நம்மை நடக்கப் பழக்கியபோது அவர்கள் விரைந்தாரல்லர். நாம் எடுத்துவைத்த ஒவ்வோர் அடிக்கும் காத்திருந்தனர். இன்று அவர்களுக்காக நாம் காத்திருத்தல் வேண்டும்.