கஞ்சிராவும் கைத்தாளமும்

இசைக்கருவிகளை நம் முன்னோர், ஓசை பிறக்கும் இடத்தை நோக்கிப் பலவாக வகுத்தனர். தோலினால் ஒலிப்பது தோற்கருவி. துளைவழியே காற்றுச் சென்று ஒலிப்பது துளைக்கருவி. நரம்பினால் ஒலிப்பது நரம்புக்கருவி. வெண்கலம் முதலிய உலோகங்களால் ஒலிப்பது கஞ்சக்கருவி. மத்தளமும் குழலும் யாழும் தாளமும் இவற்றிற்கு முறையே எடுத்துக்காட்டுகளாம். ஒரு கருவி ஒரு வகையுள் அடங்குவதே பெரும்பான்மை. ஆயினும், ஒரு கையால் எளிதில் ஏந்தத்தக்க சிறு கருவி ஒன்று, தோற்கருவியாகவும் கஞ்சக்கருவியாகவும் ஒருங்கே விளங்குகின்றது. அதுவே கஞ்சிரா. அக்கருவி இசையரங்கில் இடம்பெற்ற வரலாறு புதுக்கோட்டைச் சீமையோடு பின்னிக் கிடக்கின்றது.

புதுக்கோட்டை நெடுங்காலம் தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனி நாடாகும். அது 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தனி மாவட்டம் ஆயிற்று. இப்பகுதிக்கும் இசைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழைமையானது. இம்மாவட்டத்துக் குடுமியான்மலையில், குன்றின் பாறைச் சுவரில் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகள் அதில் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட அக்கல்வெட்டு, நரம்புக்கருவி பயில்வோர்க்கென எழுதப்பெற்ற பாடம் போன்றது. பண்ணைக் கல்லில் எழுதிய நாடு, பிற்காலத்தில் தாளத்திற்கும் ஒரு தனி வழியை வகுத்துத் தந்தது.

அவ்வழியை வகுத்தவர் மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் அவர் பெயர் வழங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகழ் பெற்றவர் அவர். கோயிலில் விளக்கு ஏந்தும் பணியில் இருந்தவர் என்றும், தவிற்கலைஞர் ஒருவரிடம் தாளநுட்பம் பயின்றவர் என்றும் அவரைப் பற்றிக் கூறுவர். பசனைக் கூட்டங்களில் முழங்கிய வட்டமான சிறு பறையை அவர் எடுத்துக்கொண்டார். அதன் அமைப்பைத் திருத்தினார். அதற்கென விரல் வரிசைகளை வகுத்தார். மிருதங்கத்தின் அருகே அமரும் தகுதியை அதற்கு அளித்தார். புதுக் கருவி ஒன்று அரங்கேறுதல் எளிதன்று. அளவில் பெரிய கருவியையே பெருமையுடையது என்று கருதுவோர் எக்காலத்தும் உளர். கைப்பிடிக்குள் அடங்கும் கருவியில், சிக்கலான தாளக்கணக்குகளைப் பிழையின்றி வாசித்துக் காட்டியே மான்பூண்டியா பிள்ளை அதற்கு மதிப்பைத் தேடித் தந்தார்.

கஞ்சிராவின் அமைப்பை இனிக் காண்போம். பலாமரத்தைக் குடைந்து செய்த வட்டச் சட்டமே அதன் உடல். அதன் விட்டம் ஏறத்தாழ 17 முதல் 22 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஒரு பக்கம் தோல் ஒட்டப்பட்டிருக்கும், மறுபக்கம் திறந்திருக்கும். சட்டத்தில் நீண்ட துளை ஒன்று உண்டு. அத்துளையின் நடுவே ஓர் ஆணியில் மூன்று அல்லது நான்கு உலோக வில்லைகள் கோக்கப்பட்டிருக்கும். பழைய நாணயங்களையே வில்லைகளாக அமைப்பதும் உண்டு. இடக்கையால் சட்டத்தைப் பிடித்து, வலக்கையின் விரல்களாலும் உள்ளங்கையாலும் தோலைத் தட்டுவர்.

மிருதங்கத்தைப் போலக் கஞ்சிராவில் சுருதி கூட்டும் வாரும் கட்டையும் இல்லை. உலர்ந்த தோல் விறைப்பாக இருக்கும். அதன் ஒலி உயர்ந்தும் மெலிந்தும் கேட்கும். ஆகவே, வாசிக்குமுன் தோலின் உட்புறத்தில் சில துளி நீர் தடவுவர். நீர் ஊறியதும் தோல் தளரும். ஒலி தாழ்ந்து கனக்கும். சிறிது நேரத்தில் ஈரம் உலர்ந்துவிடுமாதலால், கச்சேரியின் இடையிலும் நீர் தடவ நேரும். வலக்கை தட்டும்பொழுதே இடக்கை விரல்கள் தோலின் ஓரத்தை அழுத்தும். அழுத்தம் கூடுந்தோறும் தோல் இறுகி ஒலி உயரும், தளர்த்தினால் தாழும். சிறிய அக்கருவியிலிருந்து நெளிந்து வளைந்து எழும் கும்கார ஒலியின் மறை இதுவே. உயர்வும் தாழ்வுமாகிய பல ஒலிகளை ஒரே தோலில் பிறப்பித்தல் நீண்ட பயிற்சியாலன்றிக் கைகூடாது.

தோல் ஒருபுறம் இருக்க, வில்லைகளின் பணி யாது? அதை அறியத் தாளக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். திருஞானசம்பந்தர் குழந்தைப் பருவத்தில் கைகளால் தாளமிட்டுப் பாடினார் என்றும், திருக்கோலக்காவில் இறைவன் அவருக்குப் பொற்றாளம் அருளினான் என்றும் நம் மரபு கூறும். பொற்றாளத்திற்கு ஓசை தந்தவள் அம்மை என்பதும் அவ்வரலாற்றின் பகுதியாகும். அதனால் அத்தலத்து அம்மைக்கு ஓசை கொடுத்த நாயகி என்னும் பெயர் வழங்குகின்றது. அடியார்க்கு இது அருட்செயல். உலோகங்களின் இயல்பை ஆராய்வோர்க்கும் இதில் சிந்திக்க இடமுண்டு. பொன் மென்மையானது. அதைத் தட்டினால் அதிர்வு விரைவில் அடங்கிவிடும். கணீரென்னும் ஓசைக்குக் கடினமும் மீள்திறமும் உடைய உலோகம் வேண்டும்.

அத்தகைய உலோகமே வெண்கலம். செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. நூறு பங்கில் எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம் மிக நன்றாக ஒலிக்கும். வெள்ளீயம் மிகுந்தால் கடினம் மிகும். ஆனால் எளிதில் உடையும். இதிலும் ஒரு வியப்பு உண்டு. எஃகைச் செந்தணலில் காய்ச்சி நீரில் தோய்த்தால் அது மேலும் கடினமாகும். இவ்வெண்கலத்தை அவ்வாறு செய்தால் அதன் நொறுங்கும் தன்மை குறையும். இந்நுட்பத்தை அறிந்த கம்மியரே மெல்லிய தாளங்களை உடையாமல் தட்டி உருவாக்க வல்லவர் ஆயினர்.

தாளத்தின் வடிவத்திற்கும் காரணம் உண்டு. நடுவில் குமிழ்போல் எழுந்த பகுதியில் துளையிட்டுக் கயிறு கோப்பர். அங்கே பற்றுவதால் விளிம்பு தடையின்றி அதிர்கின்றது. விளிம்பை விரலால் தொட்டால் ஓசை அக்கணமே நின்றுவிடும். இரு தாளங்களையும் நேருக்கு நேர் பொருத்தி அடித்தால் இடையில் காற்று அடைபட்டு ஓசை மழுங்கும். சற்றே சாய்த்து விளிம்போடு விளிம்பு மோதச் செய்தால் ஓசை தெளிவாக எழும். விட்டம் பெரிதானால் ஒலி தாழ்ந்து பெருகும். தடிப்பு மிகுந்தால் ஒலி உயரும். பரதநாட்டியத்தில் நட்டுவாங்கம் செய்வோர் இரும்பினால் ஒன்றும் வெண்கலம் அல்லது பித்தளையினால் ஒன்றுமாக இருவேறு உலோகத் தாளங்களைப் பயன்படுத்துதல் மரபு.

வீணையின் நரம்பை மீட்டினால் அடிப்படை ஒலியோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண் உடைய ஒலிகளும் இயைந்து எழும். அவ்வியைபினால் நம் செவி அதை ஒரு சுரமாக உணர்கின்றது. உலோகத் தட்டில் அவ்வாறில்லை. அதில் எழும் பல ஒலிகள் அத்தகைய முழுமடங்குகளாக அமைவதில்லை. ஆகவே, பெரிய தட்டின் ஓசை இன்ன சுரம் என்று திட்டமாகச் சுட்ட இயலாத மினுமினுப்பாகக் கேட்கின்றது. குறைபோல் தோன்றும் இவ்வியல்பே ஒரு நன்மையும் ஆயிற்று: பாடுவோர் எச்சுருதியில் பாடினும் அவ்வோசை முரணாது நிற்கும். தோற்கருவிகளும் பொதுவாக இத்தன்மையனவே. மிருதங்கமோ கரணை இட்ட வலந்தலையினால் இசைவான ஒலிகளைத் தருகின்றது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த அறிவியலறிஞர் ச. வெ. இராமன், தம் உடனாய்வாளருடன் இவ்வுண்மையை 1920ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தார்.

மேலைநாட்டு இசைக்குழுக்களில் முரசுகளோடு நிற்கும் பெரிய உலோகத் தட்டுகளும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. அவற்றைச் சிம்பல் என்பர். காலால் அழுத்தித் திறந்து மூடும் இணைத்தட்டு ஒன்று. தாளநடையை இடைவிடாது காட்டும் பெருந்தட்டு ஒன்று. பாட்டின் திருப்பங்களில் ஓங்கி முழங்கும் தட்டு ஒன்று. அவை பணியால் வேறுபட்டவை. எனினும், அவற்றுள் சிறந்தவை பலவும் முன்னர்க் கூறிய எண்பதுக்கு இருபது வெண்கலத்தாலேயே இன்றும் செய்யப்படுகின்றன.

கஞ்சிராவின் வில்லைகள் இவற்றின் சிறு உறவினர் ஆகும். சிறியவை ஆதலால் அவற்றின் ஒலி மிக உயர்ந்தது. ஆணியில் நெருங்கி நிற்பவை ஆதலால் விரைவில் அடங்குவது. தோலின் கனத்த ஒலிக்குமேல் சலங்கை ஒலிபோல் ஒரு கணம் தோன்றி மறையும் அது, ஒவ்வொரு தட்டையும் செவிக்குத் தெளிவாக்குகின்றது. ஆழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் இவ்வாறு ஒரு கைக்குள் அடங்கின.

மான்பூண்டியா பிள்ளை வகுத்த வழியை உலகறியச் செய்தவர் அவருடைய மாணவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. அவர் 1875ஆம் ஆண்டு பிறந்தார். அரண்மனைப் பணியில் இருந்தவர் என்பர். மிருதங்கம், கஞ்சிரா ஆகிய இரண்டிலும் அவர் ஒப்பற்ற புலமை எய்தினார். அக்காலத்தில் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் கச்சேரிகள் பெரும்புகழ் பெற்றவை. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனப் பக்க இசைக்கலைஞர் பலர் நிறைந்திருந்தமையால் அவற்றை முழுப்பெஞ்சுக் கச்சேரிகள் என்று மக்கள் அழைத்தனர். அவ்வரங்குகளில் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிரா ஓங்கி ஒலித்தது.

அவருடைய முதிர்ந்த வயதில், பாலக்காட்டிலிருந்து ஓர் இளைஞர் மிருதங்கக் கலைஞராக அரங்கேறினார். அவரே 1912ஆம் ஆண்டு பிறந்த மணி ஐயர். வயதில் முப்பத்தேழு ஆண்டு மூத்தவரான தட்சிணாமூர்த்தி பிள்ளை, அவ்விளைஞர் மிருதங்கம் வாசிக்கத் தாம் அருகிருந்து கஞ்சிரா வாசித்தார். மிருதங்கமும் நன்கு வாசிக்கவல்ல பெரியவர் ஒருவர், இளையவர்க்கு முதலிடம் தந்து தாம் துணைக்கருவி ஏந்தியதை எண்ணிப் பாருங்கள். அரங்கில் இருக்கையின் முறை வேறு. கலையின் பெருமை வேறு என்பதை அவர் சொல்லாமல் சொல்லினார். மணி ஐயரும் அப்பெரியவரைத் தம் வாழ்நாள் முழுதும் மதித்துப் போற்றினார். தட்சிணாமூர்த்தி பிள்ளை 1936ஆம் ஆண்டு மறைந்தார். பின்னாளில், 1966ஆம் ஆண்டு, மணி ஐயர் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதினைப் பெற்றார்.

மான்பூண்டியா பிள்ளையின் மற்றொரு மாணவர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மைந்தர் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கம் உடையவர். ஆதலால் மேடையில் அவர் வழக்கத்திற்கு மாறான பக்கத்தில் அமர வேண்டியிருந்தது. அதனைப் பலர் விரும்பவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருடைய திறமையை மதித்து, அவருக்குத் தம் கச்சேரிகளில் இடமளித்தார். மிருதங்கத்தில் முதல்வராக விளங்கிய பழனியாரும் கஞ்சிரா ஏந்த நாணியதில்லை. மணி ஐயர் மிருதங்கம் வாசிக்கக் கஞ்சிரா வாசித்ததும் உண்டு. இம்மரபினை இன்று புதுக்கோட்டைப் பாணி என வழங்குவர்.

பிற்காலத்தில் ஜி. ஹரிசங்கர் கஞ்சிராவின் எல்லையை மேலும் விரித்தார். வி. செல்வகணேஷ் அதைக் கடல் கடந்தும் கொண்டு சென்றார். மேலைநாட்டுக் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாக்லினுடன் அவர் பங்குபெற்ற சக்தி என்னும் குழு, 2024ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கஞ்சிராவுக்குத் தொன்றுதொட்டுப் பயன்பட்டது உடும்பின் தோல். மெல்லியதாயினும் உறுதியானது, நீர் தடவினால் நன்றாக இளகுவது. ஆனால், உடும்பு அருகிவருவதால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கொல்வதையும் அதன் தோலை விற்பதையும் தடுக்கின்றது. ஆகவே, ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் இன்று வழக்கிற்கு வந்துள்ளன. பழைய ஒலி இவற்றில் முற்றும் வாய்க்கவில்லை என்று கலைஞர் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், ஓர் உயிரை அழித்துத்தான் ஓர் ஓசையைக் காத்தல் வேண்டுமோ? கஞ்சிரா தோன்றியதே ஒரு பழைய பறையைத் திருத்தியமைத்ததனால் அன்றோ? திருத்தத்தால் பிறந்த கருவி மற்றொரு திருத்தத்தையும் ஏற்கும். விரல்கள் புதிய தோலுக்குப் பழகும்; செவியும் அதன்பின் பழகும்.

மாணவர்களே! இசையரங்கில் பாடுவோரை அனைவரும் நோக்குவர். ஓரத்தில் அமர்ந்து கையகலக் கருவி ஒன்றை ஏந்தியவரை நோக்குவோர் சிலரே. அடுத்தமுறை நீங்கள் கச்சேரி கேட்கும்பொழுது, தனியாவர்த்தனம் தொடங்குமுன்னரே அவர் கைகளைக் கவனியுங்கள். வலக்கை தட்டுவதை எவரும் காண்பர். இடக்கை விரல்கள் தோலை மெல்ல அழுத்துவதையும், ஆணியில் வில்லைகள் சிலிர்ப்பதையும் கண்டு கேளுங்கள். கோயில் விளக்கு ஏந்திய கை என்று நாடு போற்றும் ஒரு கை, நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அது.