கடிதத்தை நம்பிக் கப்பலேறிய பெண்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவைச் சுற்றிக் கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வாரம் முழுவதும் உழைத்துவிட்டுக் காய்கறி வாங்கவும், ஊருக்குப் பணம் அனுப்பவும், நண்பர்களைப் பார்க்கவும் வருகிற வெளிநாட்டு ஊழியர்கள். எங்கு திரும்பினாலும் ஆண்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு சிராங்கூன் சாலை வாரத்தின் ஏழு நாளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஓர் இந்தியப் பெண்ணுக்கு ஐந்துக்கும் அதிகமான இந்திய ஆண்கள் இருந்தார்கள்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், நகராட்சியில் சாலை போட்டவர்கள், கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள், மாட்டுக்கொட்டில்காரர்கள், மளிகைக் கடைச் சிப்பந்திகள், மார்க்கெட் ஸ்திரீட்டின் செட்டியார் கிட்டங்கிகளில் கணக்கு எழுதியவர்கள் எனப் பல தரப்பினர். இவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பம் என்பது தஞ்சாவூரிலோ ராமநாதபுரத்திலோ திருநெல்வேலியிலோ இருந்த ஒரு முகவரி. மாதம் ஒரு மணியார்டர், ஆண்டுக்கு இரண்டு மூன்று கடிதம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலில் ஒரு பயணம்.

இந்த ஆண்களின் ஊருக்குத்தான், ஒரு கடிதத்தையும் ஒரு புகைப்படத்தையும் நம்பிப் பெண்கள் கப்பலேறி வந்தார்கள். பதினாறு பதினேழு வயதில் வந்த எத்தனையோ பேரின் பேரப்பிள்ளைகள் இன்று அங் மோ கியோவிலும் ஈசூனிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். இவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் சபை இரண்டாகப் பிரிந்துவிடும். எவ்வளவு துணிச்சல் என்று வியப்பார்கள் சிலர். துணிச்சலாவது, வேறு வழியில்லாமல் அனுப்பப்பட்டவர்கள் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்பும் ஒன்றைப் பார்க்கத் தவறுகிறது. அந்தப் பெண் யாரை நம்பிக் கப்பலேறினாள்?

உலகில் இது புதிதல்ல. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஆண்கள் மட்டுமே குவிந்திருந்த காலத்தில், 1864-இல் ஏசா மெர்சர் என்பவர் கிழக்குக் கரைக்குப் போய், மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து பதினொரு பெண்களைச் சியாட்டிலுக்கு அழைத்துவந்தார். 1908-க்கும் 1920-களுக்கும் இடையில் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் ஏறத்தாழ 20,000 பெண்கள், புகைப்படத்தை மட்டும் பார்த்துச் சம்மதித்து, ஹவாய்க் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த ஆண்களை மணக்கப் போனார்கள். துறைமுகத்தில் இறங்கிக் கையிலிருந்த படத்தையும் எதிரில் நின்ற ஆளையும் மாறி மாறிப் பார்த்து அதிர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. படம் பத்து வருடம் பழையதாக இருக்கும்.

தமிழ்ப் பெண்களின் கதை இங்கே கொஞ்சம் வேறாகிறது. முன்பின் தெரியாதவனுக்குப் பெண் கொடுப்பது நம் ஊர் வழக்கம் அல்ல. மாப்பிள்ளை பெரும்பாலும் தாய்மாமன் மகனாகவோ அத்தை மகனாகவோ இருப்பான். இல்லையென்றால் அதே ஊர், அதே சாதி, பெரியப்பா வழியில் ஏதோ ஓர் உறவு. மாப்பிள்ளை விடுமுறையில் ஊருக்கு வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போவான். மாதங்கள் கழித்து, சில வேளை ஆண்டுகள் கழித்து, ஊர்க்காரர் ஒருவர் துணையோடு பெண் கப்பலேறுவாள். பெண்ணை அண்ணனோ மாமாவோ இங்கே அழைத்துவந்து கோயிலில் தாலி கட்டவைப்பதும் உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில், ஒரு காலத்தில் இங்கே இந்துத் திருமணங்களை நடத்திவைக்க அதிகாரம் பெற்ற ஒரே கோயிலாக இருந்தது.

எழுதியது யார், படித்தது யார்?

சம்பந்தம் பேசிய கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி, அஞ்சடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கடிதம் எழுதுபவரிடம் காசு கொடுத்து எழுதவைப்பார். ஊரில் அது பெண்ணின் கைக்கு நேராகப் போகாது. தபால்காரரோ, பள்ளிக்கூட வாத்தியாரோ, படித்த பங்காளியோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார்கள். அனுப்பியவர் எழுதவில்லை, வாழப் போகிறவள் படிக்கவில்லை. நடுவில் எத்தனை பேர் கை பட்டதோ, அத்தனை பேரும் கொஞ்சம் மெருகு சேர்த்திருப்பார்கள். 'அரசாங்க உத்தியோகம்' என்று எழுதியிருக்கும். நகராட்சியில் கூட்டுகிற வேலையும் அரசாங்க உத்தியோகம்தானே! படத்தில் மாப்பிள்ளை போட்டிருக்கும் கோட்டும் கைக்கடிகாரமும் ஸ்டூடியோவில் இரவல் கிடைப்பவை.

பெண்வீட்டார் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்லர். கடிதத்தை அப்படியே நம்பியவர்கள் குறைவு. அவர்கள் நம்பியது, கடிதத்துக்குப் பின்னால் நின்ற மாமாவை.

இனி, ஏன் வந்தார்கள் என்பதைப் பார்ப்போம். வறுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. மழை பொய்த்த காவிரிக் கடைமடையும், தறி நின்றுபோன நெசவாளர் தெருவும் உண்மைதான். ஆனால் ஒரு வீட்டில் நான்கு பெண்கள் இருந்தால், நான்கு பேருமா கப்பலேறினார்கள்? பெரும்பாலும் மூத்தவள். அவள் போனால் அங்கிருந்து பணம் வரும். அடுத்தவர்களுக்குக் கல்யாணம் ஆகும். தம்பி பள்ளிக்கூடம் போவான். தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவு அவளுடையதாக இருந்ததோ இல்லையோ, அந்த முடிவின் கணக்கு அவளுக்கு நன்றாகவே தெரியும். வாயைத் திறந்து கேட்காவிட்டாலும், பதினாறு வயதுப் பெண்ணுக்கு வீட்டு நிலவரம் தெரியாமல் இருக்குமா?

அடுத்து, கூட்டுக்குடும்பத்திலிருந்து விடுதலை. மாமியார், நாத்தனார், ஓரகத்திகள் என்று பத்துப் பேருக்குக் கீழே வாழ வேண்டியவள், கடல் தாண்டி வந்தால் ஓர் அறைக்குத் தானே எஜமானி. இதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு யாரும் கப்பலேறவில்லை. வந்தபிறகு திரும்பிப் போக மனமில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாச் சமூகத்தாரும் பெண்களை அழைத்துவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செட்டியார்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை முறை மாற்றி ஆட்களை அனுப்பினார்கள். பெண்கள் செட்டிநாட்டிலேயே பெரிய வீடுகளைக் காத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்களிலும் பலர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவந்தவர்கள். இதற்கு விலக்கு கடையநல்லூர் முஸ்லிம்கள். நெசவு நொடித்தபோது குடும்பத்தோடு புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பெண்கள் மசாலா அரைத்தும் பலகாரம் செய்தும் குடும்ப வருமானத்தில் பங்கெடுத்தார்கள். 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியதும் அந்தச் சமூகம்தான். பெண்கள் வந்த சமூகத்துக்குத்தானே பள்ளிக்கூடம் தேவைப்படும்!

மலாயாத் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே பெண்ணும் கூலியாள். 1920-களின் கடைசியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயித்தார்கள். மனைவியை அழைத்துவந்தால் இன்னொரு சம்பளம் வரும். நகரமான சிங்கப்பூரில் மனைவி வந்தால் வாடகையும் செலவும்தான் கூடும். சிங்கப்பூரின் ஆண் பெண் விகிதம் அவ்வளவு மோசமாக இருந்ததற்கு இது முக்கியக் காரணம்.

ரஜூலாவின் மேல்தளம்

கப்பல் என்றால் அந்தத் தலைமுறைக்கு ரஜூலா. 1926-இல் கட்டப்பட்டு, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். தொடக்கத்தில் 5,000-க்கும் அதிகமான மேல்தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. மேல்தளப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரித்த இடம்தான் வீடு. ஏறக்குறைய ஒரு வாரம் கடலில். வாந்தி, காய்ச்சல், அந்நிய ஆண்களின் பார்வை. கப்பலில் அம்மை, காலரா என்று ஏதாவது தென்பட்டால், சிங்கப்பூரை எட்டிய பிறகும் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

அந்த ஒரு வாரத்தில், பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெண்களோடு ஏற்பட்ட பழக்கம் சாதாரணமானதல்ல. 'கப்பல்ல வந்த அக்கா' என்று கடைசிவரை உறவு கொண்டாடியவர்கள் உண்டு. உறவினரிடம் சொல்ல முடியாததை இந்த அக்காக்களிடம் சொல்ல முடிந்தது.

ஏன் உறவினரிடம் சொல்ல முடியாது? விஷயத்தின் முடிச்சே இங்குதான் இருக்கிறது. கட்டியவன் குடிகாரன் என்று தெரிகிறது. சொன்ன சம்பளத்தில் பாதிதான் வருகிறது. அல்லது இங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. யாரிடம் முறையிடுவது? சம்பந்தம் பேசியது மாமா. மாப்பிள்ளை மாமாவின் மகன். அவனைக் குறை சொன்னால் அம்மாவின் பிறந்த வீட்டையே குறை சொன்னதாகும். ஊருக்கு எழுதலாம் என்றால், அந்தக் கடிதத்தையும் யாராவது எழுத வேண்டும். அதுவும் திண்ணையில் உரக்கப் படிக்கப்படும். எந்த உறவு அவளுக்குக் கப்பலேறத் தைரியம் கொடுத்ததோ, அதே உறவு அவள் வாயைக் கட்டிப்போட்டது. ஹவாய்க்குப் போன ஜப்பானியப் பெண்ணுக்கு இல்லாத பாதுகாப்பு இவளுக்கு இருந்தது. அந்தப் பாதுகாப்புக்கு இவள் கொடுத்த விலையும் பெரிது. முதல் நாள் கப்பலேறியதைவிட, இறங்கியபின் பத்து வருடம் வாய்மூடிக் குடும்பம் நடத்தியதுதான் பெரிய துணிச்சல் என்று தோன்றுகிறது. அதைத் துணிச்சல் என்று பாராட்டுவது சரிதானா என்பது வேறு கேள்வி.

போர் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கடிதமும் நின்றது, மணியார்டரும் நின்றது. ஊரில் இருந்த மனைவிக்குக் கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாது. சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். இனியும் பிரிந்திருக்க முடியாது என்று போருக்குப் பிறகு பலர் குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். 1953 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிய தொழிலாளர்கள் வருவதை வெகுவாகக் கட்டுப்படுத்தியது. இங்கு வசிப்பவரின் மனைவி, மக்களுக்கு வழி திறந்திருந்தது. 1957 கணக்கெடுப்பில் ஓர் இந்தியப் பெண்ணுக்கு இந்திய ஆண்கள் இருவருக்குச் சற்று அதிகம் என்ற அளவுக்கு நிலைமை மாறியிருந்தது. சிராங்கூனை ஒட்டிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924-லேயே மகப்பேற்று மருத்துவமனையாகியிருந்தது. கப்பலில் வந்த பெண்களில் பலரும் தலைப்பிள்ளை பெற்றது அங்குதான்.

ஊரில் ஒருத்தி, இங்கே ஒருத்தி என்ற ஏற்பாட்டுக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது 1961 செப்டம்பரில். அன்று நடப்புக்கு வந்த மாதர் சாசனம், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைக் கட்டாயமாக்கியது. திருமணப் பதிவையும், மனைவிக்கான ஜீவனாம்சத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மாமாவிடம் சொல்ல முடியாததை நீதிமன்றத்தில் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. எத்தனை பேர் படியேறினார்கள் என்பது இருக்கட்டும், ஏறலாம் என்ற எண்ணமே கணவன்மார் சிலரை அடக்கி வைத்திருக்கும்.

இன்றைய மணப்பெண்கள்

இலங்கைப் போர்க்காலத்தில் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் மணமாகிப் போன யாழ்ப்பாணப் பெண்களைப் பற்றி, மானிடவியலாளர் சிதார்த்தன் மௌனகுரு 2019-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தத் திருமணங்களில் புகைப்பட ஆல்பத்துக்கு ஒரு புதிய வேலை இருந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளையைக் காட்டுவதோடு, விசா அதிகாரிக்குத் திருமணம் உண்மையானது என்று காட்டவும் அது தேவைப்பட்டது. ரஜூலாவில் வந்தவளை யாரும் அப்படிச் சாட்சி கேட்கவில்லை.

சிங்கப்பூர்க் குடிமக்களின் திருமணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இன்று வெளிநாட்டவரோடு நடக்கிறது. தமிழகத்திலிருந்து வரும் மணப்பெண் பட்டதாரியாக இருப்பாள். மாப்பிள்ளையோடு காணொளியில் மணிக்கணக்கில் பேசியிருப்பாள். ஆனாலும் அவள் இங்கே தங்குவது நீண்டகால வருகை அனுமதியில். அதற்குப் பொறுப்பேற்பவர் கணவர். அனுமதி கிடைக்குமா என்று திருமணத்துக்கு முன்பே விண்ணப்பித்துத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு 2015 ஜனவரியில் தொடங்கியது. இங்கே பதிவான திருமணங்களின் ஏட்டில், மாப்பிள்ளை ஏற்கெனவே மணமானவரா என்று கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்கவும் வழி உண்டு.

பெண்ணைப் பெற்றவர்களிடம் இதைச் சொன்னால் தயங்குவார்கள். மாமா வழியில் வந்த சம்பந்தமாயிற்றே, விசாரித்தால் அவர் என்ன நினைப்பாரோ என்று.