அளவான வெப்பமே நலம்

நுழையும் முன்

காய்ச்சல் கண்டால் உடல் சுடுகிறது; அதனை நோய் என்கிறோம். உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்து போனால் அதுவும் நோயே. நம் உடலுக்கு ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் என்னும் அளவு இருப்பதுபோல, காரின் எஞ்சினுக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவைக் காக்கும் சிறு கருவியைப் பற்றியும், அது தேய்ந்தால் நேர்வன பற்றியும் இப்பாடத்தில் அறிவோம்.

மலைச்சாலையில் சரிந்த முள்

சண்டிகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, சனவரி மாதத்தில் சிம்லாவுக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தது. சிம்லா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவர்களுடைய டீசல் கார் மலை ஏறியபோது குறை எதுவும் தோன்றவில்லை. இறங்கும்போதோ, எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் முள் நடுவிலிருந்து மெல்லக் கீழே சரிந்தது. காருக்குள் வீசிய வெதுவெதுப்பான காற்று குளிர்ந்தது. பின் இருக்கையில் இருந்த பிள்ளைகள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டனர். சில வாரங்களாகவே டீசல் செலவு கூடியிருந்தது. புகைக்கரி வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கும் இருமுறை எரிந்திருந்தது.

மதுரையிலிருந்து வந்திருந்த மாமா, "கவலைப்படாதீர்கள் மாப்பிள்ளை! எஞ்சின் கொதித்தால்தான் பயம். குளிர்ந்து ஓடினால் நல்லதுதானே? என் பழைய வண்டியில் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிட்டேன்" என்றார்.

மாமாவின் சொல் வெயில் மிகுந்த ஊரின் பட்டறிவிலிருந்து பிறந்தது. ஆயினும் அது சரியா?

எஞ்சினுக்கு வெப்பம் ஏன் தேவை?

டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி இல்லை. உருளைக்குள் காற்று மட்டும் முதலில் கடுமையாக அழுத்தப்படுகிறது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் உயர்கிறது. அதில் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றி எரிகிறது. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் இந்த எஞ்சினை 1897 ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார்.

எஞ்சினின் சுவர்கள் குளிர்ந்திருந்தால், அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தில் ஒரு பகுதியை அவை உறிஞ்சிக்கொள்ளும். டீசல் முழுமையாக எரியாது, புகைக்கரி மிகும். எஞ்சின் எண்ணெயும் குளிரில் கெட்டியாகவே இருப்பதால் உராய்வு கூடும். அவ்வுராய்வை வெல்ல மேலும் டீசல் செலவாகும். ஆகவே பெரும்பாலான கார்களில் எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீர்மம் 85 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இருக்குமாறு அமைத்துள்ளனர்.

நீரோடு குளிர்விப்பு வேதிப்பொருள் கலந்த இந்நீர்மத்தைப் பணிமனைகளில் கூலண்ட் என்பர். காருக்குள் வெதுவெதுப்பான காற்றைத் தருவதும் இதன் வெப்பமே.

மெழுகு திறக்கும் கதவு

எஞ்சினில் சூடான கூலண்ட், காரின் முன்புறம் உள்ள ரேடியேட்டருக்குச் சென்று காற்றுப்பட்டுக் குளிர்ந்து திரும்புகிறது. இந்தப் பாதையில் உள்ள காவற்கதவே தெர்மோஸ்டாட். தமிழில் இதனை வெப்பக் கட்டுப்படுத்தி எனலாம். உள்ளங்கையில் அடங்கும் இக்கருவிக்குப் பெரும்பாலும் மின்சாரமும் தேவையில்லை.

இதன் நடுவில் ஓர் உலோகச் சிமிழ் உண்டு. அச்சிமிழுக்குள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு திண்மமாக இருக்கும். சுருள்வில் கதவை இறுக மூடியிருக்கும். கூலண்ட் ரேடியேட்டருக்குச் செல்லாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடாகும். குறித்த வெப்பநிலையை, எடுத்துக்காட்டாக 88 டிகிரியை, எட்டியதும் மெழுகு உருகிப் பருமனில் விரியும். விரிந்த மெழுகு ஒரு தண்டைத் தள்ள, கதவு சில மில்லிமீட்டர் திறக்கும். வெப்பம் தணிந்தால் மெழுகு சுருங்கும். சுருள்வில் கதவை மீண்டும் மூடும். இவ்வகை மெழுகுக் கருவியை 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் உருவாக்கினார்.

தெர்மோஸ்டாட்டின் வேலை எஞ்சினைக் குளிர்விப்பது அன்று; வெப்பத்தை அளவில் நிறுத்துவதே என்பதை இங்கு நினைவில் கொள்க.

தேய்ந்தால் நேர்வன

ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருள்வில் தளரலாம். விளிம்பில் உள்ள ரப்பர் தேயலாம். துருவும் படிவும் சிக்கிக் கதவு முழுமையாக மூடாமல் போகலாம். அப்போது கூலண்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடும். எஞ்சின் தன் வெப்பத்தை எட்டாது.

மலையிறக்கத்தில் முள் சரிந்ததன் காரணம் இதுவே. இறங்கும்போது ஓட்டுநர் முடுக்கு மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். டீசல் பீய்ச்சுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. புதிய வெப்பம் பிறக்காத அந்நேரத்தில், நல்ல தெர்மோஸ்டாட் கதவை மூடி இருக்கும் வெப்பத்தைக் காக்கும். தேய்ந்த தெர்மோஸ்டாட்டோ அதனைக் குளிர்காற்றுக்குக் கொடுத்துவிடும். டீசல் எஞ்சின், பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவான வெப்பத்தையே கூலண்டுக்குத் தருவதால், இக்குறை அதில் எளிதில் வெளிப்படுகிறது.

இதனால் வரும் இழப்பு எரிபொருளோடு முடிவதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளின்படி அமைந்த டீசல் கார்களில், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உள்ளது. சேர்ந்த கரியை, ஏறத்தாழ 600 டிகிரி வெப்பமுள்ள கழிவுவளியால் எரித்து, வடிகட்டி தன்னைத் தூய்மை செய்துகொள்ளும். எஞ்சின் போதிய வெப்பத்தை அடையாவிட்டால் கட்டுப்பாட்டுக் கணினி அத்தூய்மைப் பணியைத் தொடங்காது. வடிகட்டி அடைபடும். அதனை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் தெர்மோஸ்டாட்டின் விலை மிகச் சிறியது.

குறையைக் கண்டறிதல்

சண்டிகர் திரும்பியதும் அப்பா காரைப் பணிமனைக்குக் கொண்டு சென்றார். மாமாவும் மகளும் உடன் சென்றனர். முதிய மெக்கானிக்கை அங்கு எல்லாரும் 'உஸ்தாத்' என்று அழைத்தனர். அவர் இந்தியில் சொன்னவற்றை மகள் மாமாவுக்குத் தமிழில் எடுத்துரைத்தாள்.

உஸ்தாத் முதலில் கணினிக் கருவியை இணைத்தார். பி0128 என்னும் குறியீடு தோன்றியது. கூலண்ட் உரிய வெப்பநிலையை எட்டவில்லை என்பது அதன் பொருள். பின்னர், இரவு முழுதும் நின்று குளிர்ந்திருந்த எஞ்சினை மறுநாள் காலையில் இயக்கினார். ரேடியேட்டரின் மேற்குழாயைத் தொட்டுப் பார்த்தார். எஞ்சின் சூடாகும் முன்பே குழாய் வெதுவெதுப்பாகிவிட்டது. கதவு மூடியிருந்தால், உரிய வெப்பநிலை வரும்வரை அக்குழாய் குளிர்ந்தே இருந்திருக்கும்.

மாற்றும் முறை

எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்த பின்னரே இப்பணியைத் தொடங்க வேண்டும். குக்கரைப் போலவே குளிர்விப்பு அமைப்பும் அழுத்தத்தில் இயங்குகிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

உஸ்தாத் கூலண்டை ஒரு பாத்திரத்தில் வடித்தார். பல கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையும் நஞ்சும் உடையது. தரையில் விட்டால் நாயும் பூனையும் நக்கி உயிரிழக்கக்கூடும். ஆகவே அதனை மூடிய கலத்தில் சேர்த்தார். பின்னர் உறையின் திருகாணிகளைக் கழற்றிப் பழைய தெர்மோஸ்டாட்டை எடுத்தார். குளிர்ந்த நிலையிலும் அதன் கதவு சிறிது திறந்தே இருந்தது.

புதியதைப் பொருத்தும் முன் அதனை ஒரு கம்பியில் கட்டி, நீருள்ள பாத்திரத்தில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தார். வெப்பமானி 88 டிகிரியை நெருங்கியதும் கதவு மெல்லத் திறந்தது. நீர் ஆறியதும் மூடிக்கொண்டது. அதன்மேல் பொறித்திருந்த எண்ணும் 88 தான். அதன்பின் பழைய கேஸ்கட்டைச் சுரண்டித் துடைத்துப் புதிய கேஸ்கட்டை வைத்தார். மெழுகுச் சிமிழ் எஞ்சின் பக்கம் இருக்குமாறு கருவியைப் பொருத்தினார். திருகாணிகளைச் சீராக முடுக்கினார். புதிய கூலண்டை ஊற்றி, அமைப்பில் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினார்.

ஓட்டிப் பார்த்தபோது முள் உயர்ந்தது. ஆனால் நடுவை எட்டவில்லை. இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் இரண்டு. கழிவுவளியின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பின் அருகே மற்றொன்று இருந்தது. "ஒரு கதவைப் பூட்டி மறு கதவைத் திறந்து வைத்தால் வீடு சூடாகுமா?" என்றார் உஸ்தாத். மகள் அதனைத் தமிழில் சொன்னதும் மாமா சிரித்துவிட்டார். இரண்டாவதையும் மாற்றிய பின் முள் நடுவில் வந்து நின்றது, இறக்கத்திலும் அசையவில்லை.

மாமா மதுரைக்குப் புறப்படும்போது மகளிடம், "என் வண்டிக்கும் ஒரு தெர்மோஸ்டாட் வாங்க வேண்டும். அதன்மேல் எந்த எண் இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்றாயே, அதை எழுதிக் கொடு அம்மா" என்றார்.

மிகுந்த வெப்பமும் குறை; மிகுந்த குளிர்ச்சியும் குறை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் அளவே எஞ்சினின் நலம். கொதிப்பது உடனே கண்ணுக்குத் தெரியும். குளிர்வதோ ஓசையின்றிச் செலவையும் தேய்மானத்தையும் புகையையும் பெருக்கும். அதனால்தான் சரியும் முள்ளையும் நாம் கவனிக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
நீர்மம் – நீர்போல் ஓடும் பொருள்
திண்மம் – கெட்டியான பொருள்
சிமிழ் – மூடியுள்ள சிறு கலம்
உராய்வு – பொருள்கள் ஒன்றோடொன்று தேய்தல்
கழிவுவளி – எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்காற்று

வினாக்களுக்கு விடை எழுதுக

1. டீசல் எஞ்சினில் எரிபொருள் எவ்வாறு பற்றிக்கொள்கிறது?
2. தெர்மோஸ்டாட்டின் கதவைத் திறப்பது எது? மூடுவது எது?
3. மலை இறங்கும்போது மட்டும் முள் சரிந்தது ஏன்?
4. ஒரு தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றியது ஏன் போதவில்லை?
5. மாமாவின் கருத்து முதலில் யாது? பின்னர் மாறியது ஏன்? உம் சொற்களில் எழுதுக.

செய்து பார்ப்போம்

உம் வீட்டில் வெப்பநிலையை அளவில் நிறுத்தும் கருவிகள் எவை? இஸ்திரிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, நீர் சூடேற்றி ஆகியவற்றைப் பெற்றோர் துணையுடன் உற்றுநோக்கி, ஐந்து வரிகளில் தமிழில் எழுதுக.